ரூம் சீனியர் நேர்காணல் நடத்துகிறார்

சென்னையில் நாலு பேர் பங்கு போட்டு வாடகைக்கு இருக்கும் எந்த அறைக்குப் போனாலும் அங்கே ஒரு ஜீவனைப் பார்க்கலாம். அதற்கு ரூம் சீனியர் என்று பெயர். வீட்டு ஓனரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓனரிடம் அழுதாவது பார்க்கலாம், சீனியரிடம் அதுவும் நடக்காது. வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் இருக்காது; ஆனால் அறைக்கு முதலில் வந்தவர் அவர், ஜன்னலோரம் படுக்கிறவர் அவர், ஃபேன் எத்தனையில் ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர், சிவப்பு வாளியில் பிடித்து வைத்த தண்ணீரை மற்றவர்கள் கண்ணால் மட்டும் பார்க்கலாம் என்று சட்டம் போட்டவரும் அவர். யார் கொடுத்த அதிகாரம்? யாரும் கொடுக்கவில்லை. முதலில் வந்தார், அவ்வளவுதான்.

எங்கள் ராயபுரம் மாடி அறையின் சீனியர் இசக்கிப்பாண்டி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், யானைக்கவுனியில் ஒரு இரும்புச் சாமான் மொத்தக் கடையில் பில் போடுகிறார். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு பையும் தலையணையுமாக இதே ஊரில் மாடி மாடியாக ஏறி இறங்கியவர். அன்று தன்னைக் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்தார், அடுத்தவனைக் கேட்பதற்கு.

கூட இருந்த அலெக்ஸாண்டர் கல்யாணம் முடித்துக் கிளம்பியதில் அறையில் ஒருவர் படுக்க இடம் காலியானது. ஞாயிற்றுக்கிழமை காலை சீனியர் குளித்து, திருநீறு பூசி, அறையின் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார். வந்தவர்கள் நின்றார்கள். நான் மூலையில் பேப்பரோடு இருந்தேன். முதல் ஆள் வந்ததுமே பாத்ரூம் எங்கே என்று கேட்டான்: தண்ணீரைக் கொட்டித் தீர்ப்பான், வேண்டாம். இரண்டாமவன் கேட்கவேயில்லை: குளிக்காத பயல், வேண்டாம். மூன்றாமவன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். "இவ்வளவு நல்லவன நம்பப்பிடாது, பாத்துக்கிடும்" என்று என்னிடம் சொன்னார். யாரையும் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார். "சொல்லி அனுப்புதேன்" என்பார். ஆனால் போன் நம்பர் வாங்கிக்கொள்ள மாட்டார்.

நாலாவதாக வந்தவன் செங்குட்டுவன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவு வேலை.

"அதான் வீடு இருக்குல்லா? பொறவு ரூமு எதுக்கு?"

"ஒரே ரூமு அண்ணாத்தே. அக்கா கொயந்த பெத்து வந்துகீது. கீய பசங்க நாள் முச்சூடும் பந்து ஆடிகினு கீறானுங்கோ. பகல்ல கண்ண மூட முடியல. யார்டுல ரெண்டு வாட்டி தூங்கிட்டேன். இன்னொரு வாட்டி தூங்குனா வேலைக்கே வராதன்னுட்டாரு சூப்ரவைசரு. பகல்ல கட்டைய சாய்க்க எடம் குட்த்தா போதும்."

நீங்களே சொல்லுங்கள். நாங்கள் வேலைக்குப் போன பிறகு வந்து தூங்குவான், நாங்கள் தூங்க வரும்போது வேலைக்குப் போயிருப்பான். இப்படி ஒரு ஆள் தவம் கிடந்தாலும் கிடைப்பானா?

சீனியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொறட்ட விடுவியளா?"

"நைட்ல நா இங்க இருக்கவே மாட்டேனே."

"அது இருக்கட்டும். கேட்டதுக்குப் பதில சொல்லுங்க."

"வுடுவேன். கொஞ்சமா."

அடுத்துப் பெரிய கேள்வி. அது நேராக வராது, ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். அப்பா பேர் என்ன, தாத்தா எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "குலதெய்வம் எது தம்பி?" என்றார்.

"நாங்க புத்தரு கும்புட்றவங்கோ."

சீனியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவருக்குக் கோயிலு எந்த ஊருல?"

"கோயிலு இன்னாத்துக்கு? வூட்லயே போட்டோ கீது. நீ இன்னா கேக்க வர்றன்னு தெர்து அண்ணாத்தே. நேராவே கேளேன்."

கேட்பாரா? கேட்டால் கேட்டதாகிவிடுமே! "சேச்சே, நமக்கு அதெல்லாம் கெடையாது. சொல்லி அனுப்புதேன்" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் பேப்பரில் தங்கம் விலையைப் படித்துக்கொண்டிருந்தேன். அவன் படியிறங்கும்வரை படித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றே மாதம். ஓனர் மகனுக்குக் கல்யாணம், அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். நானும் சீனியரும் தெருத்தெருவாக அலைந்தோம். குடும்பத்துக்கு மட்டும் என்றார்கள், அட்வான்ஸைச் சொல்லித் துரத்தினார்கள். கடைசியில் எர்ணாவூரில் ஒரு மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினால், கண் வீங்கத் திறந்தவன் செங்குட்டுவன். சீனியரின் கால் தானாக ஒரு படி கீழே இறங்கியது.

"அட, அண்ணாத்தே! செருப்ப அங்கயே வுட்டு உள்ள வா. ரெண்டு பேருக்கு எடம் கீது. சாவி கீய டீக்கடைல இருக்கும், எப்ப வேணா வாங்கோ. நா தூங்கணும்."

சுவரில் யார்டின் மஞ்சள் ஜாக்கெட் தொங்கியது. வேலை போகவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. படுத்தவுடன் குறட்டை விட்டான், கொஞ்சமாகத்தான்.

படியிறங்கும்போது சீனியர் கொதித்தார். "ஒரு கேள்வி கேட்டானா? ஊரு கேட்டானா, பேரு கேட்டானா? கண்டவனும் வந்து தங்குத எடம் வே! நமக்குச் சரிப்படாது." இன்னமும் தேடுகிறார். அதுவரை கடை குடோனில் ஆணி மூட்டைகளுக்கு நடுவே படுக்கை.

நான் எர்ணாவூருக்கே வந்துவிட்டேன். போன ஞாயிறு கதவு தட்டப்பட்டது. பையும் தலையணையுமாக ஒருவன். செங்குட்டுவன் தூங்கிக்கொண்டிருந்ததால் நான்தான் திறந்தேன். உள்ளே வாங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், சத்தியமாக. "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" என்று வந்தது. உள்ளே குறட்டை நின்றது.

சிரிக்காதீர்கள். இசக்கிப்பாண்டியின் ஊரைச் சொன்னேன், செங்குட்டுவனின் பேட்டையைச் சொன்னேன், என் பெயரைச் சொல்லவில்லை. இவன் யாராக இருப்பான், எந்தப் பக்கத்து ஆள் என்று இவ்வளவு நேரமாக என் பேச்சில் துப்புத் தேடிக்கொண்டிருந்தீர்களா, இல்லையா? பரவாயில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். சொல்லி அனுப்புகிறேன்.