ஜெபமலர் டீச்சரின் கேம்ஷாப்ட்

"டீச்சர், கயிறு கட்டி இழுக்கவா?"

பஸ்ஸின் பின் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டவன், குளிக்கக் கொண்டுபோன துண்டை வேறு எடுத்து ஆட்டினான். பஸ் முழுக்கச் சிரிப்பு.

ஐந்தருவி ஏற்றத்தில் ஜெபமலரின் சிவப்பு ஹெரால்டு கார் இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டிருந்தது. ரெண்டு கதவுச் சின்ன வண்டி, வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு அந்த ஓட்டைப் பஸ் ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டிப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

பக்கத்தில் இருந்த அண்ணன் நல்லதம்பி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான். இருமல் இல்லை, சிரிப்புத்தான்.

"பொம்பளை ஓட்டுத வண்டி இப்படித்தாம்ட்டி இருக்கும். வித்துருவோம். புளியங்குடி எலுமிச்சங்காய்க் கமிஷன்கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

ஜெபமலர் தென்காசியில் ஹைஸ்கூல் கணக்கு டீச்சர். வண்டி அவள் சம்பாத்தியம். ஆனால் அறுபத்து மூணிலே கார் என்றால் பேர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கணும். முன்னமே பதிந்து வைத்திருந்தவன் அண்ணன். அதனால் ஆர்.சி. புத்தகத்தில் அவன் பேர்தான். அவன் விற்றால் விற்றதுதான்.

"அடுத்த மாசம் மொத சனிக்கிழமை, இதே ஏத்தத்துல, இதே பஸ்ஸை முந்திக் காட்டுதேன் அண்ணே. முந்தலைன்னா வித்துக்கிடுங்க. முந்துனா வண்டியை எம் பேருக்கு மாத்தணும். சம்மதமா?"

"மாத்திருவோம், மாத்திருவோம்," என்றான் நல்லதம்பி, வெகு தாராளமாக.

பின் சீட்டில் இருந்த அவன் மனைவி அன்னபாக்கியம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூணு பேரும் ஒரே வீடு. அந்த வீட்டில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு.

மறுநாளே ஒரு பழைய இங்கிலீஷ் கார் பத்திரிகையோடு பீர் மைதீனின் பட்டறைக்குப் போனாள் ஜெபமலர்.

"பாய், எஞ்சினுக்குள்ள கேம்ஷாப்டுன்னு ஒரு தண்டு சுத்துதுல்லா? அதுல இருக்க மேடுதான வால்வைத் தூக்கித் திறக்குது? அந்த மேட்டை உசத்திக் கடைஞ்சா வால்வு கூடத் திறக்கும். வண்டி நல்லா மூச்சு வாங்கும். ஏத்தம் ஏறாதா?"

பீர் மைதீன் தாடியைச் சொறிந்தார். "அது ரேசுக்காரன் செய்யுத வேலை டீச்சரம்மா. மெதுவாப் போனா வண்டி இருமும். வேகம் பிடிச்சாத்தான் அதுக்கு உசுரு."

"அப்ப வேகமாவே போவோம்."

கோயம்புத்தூர் லேத்துப் பட்டறைக்குப் போன தண்டு பத்து நாளில் வந்தது. மாட்டி முடித்து, பானட்டைத் திறந்து, எஞ்சினை முடுக்குகிற கார்புரேட்டர் கம்பியைப் பீர் மைதீன் கையால் இழுத்தார் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்த்தது. "மாஷா அல்லாஹ்!" என்றார் அவர். ஜெபமலர் பாதி ஜெயித்துவிட்ட நினைப்பில் வண்டியில் ஏறினாள்.

ரயில்வே கேட்டில் வண்டி குலுங்கிக் குலுங்கிச் செத்தது. குளித்துவிட்டு வந்த நாலு பேர் தள்ளினார்கள். ஏற்றத்தில் இன்னும் மோசம். முன்பு இரண்டாம் கியரில் முக்கிய வண்டி, இப்போது ஒன்றாம் கியரில் அழுதது. கூடை சுமந்த தயிர்க்காரி ஒருத்தி நடந்தே முந்திப் போனாள்.

"பட்டறையில சிங்கம், ரோட்டுல சீக்குக்கோழி. என்ன பாய் இது?"

"ஸ்பிரிங் தொய்வா இருக்கு டீச்சரம்மா. மேடு உசந்தா வால்வு ஸ்பிரிங்கும் விறைப்பா இருக்கணும். இல்லைன்னா வால்வு நேரத்துக்கு மூடாது."

விறைப்பான ஸ்பிரிங் போட்டார்கள். வால்வைத் தள்ளுகிற புஷ்ராடுக் கம்பி ரெண்டு வளைந்தது. அதை மாற்றினால், டாப்பெட் கடையநல்லூர்த் தறி மாதிரி தடதடவென்று அடித்தது. கேட்டில் சாவது மட்டும் நிற்கவில்லை.

"சும்மா நிக்கும்போதே எஞ்சினை வேகமா ஓட விடுவோம்," என்று ஸ்க்ரூவைத் திருகினார் பீர் மைதீன். வண்டி சாகவில்லை, வாஸ்தவம். கிளச்சை லேசாக விட்டதுமே பாய்ந்தது. பள்ளிக்கூட வாசலில் ஹெட்மாஸ்டரின் சைக்கிளைச் சாய்த்தது. சைக்கிள் மேல் ஹெட்மாஸ்டரும் இருந்தார். இத்தனைக்குப் பிறகும் ஐந்தருவி ஏற்றத்தில் அதே அழுகைதான்.

நல்லதம்பி ராத்திரிச் சாப்பாட்டில் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு விசாரிப்பான். "கமிஷன்கடைக்காரருக்குச் சிவப்பு பிடிக்கலையாம். வெள்ளை அடிக்கப் போறாராம்." அன்னபாக்கியம் அவன் இலையில் ரசம் ஊற்றுவாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை பீர் மைதீன் கெஞ்சினார். "பழைய தண்டையே மாட்டிருவோம் டீச்சரம்மா. தோத்தாலும் மரியாதையாத் தோக்கலாம்."

"தோத்துப் போறதுல என்ன பாய் மரியாதை? தண்டு உள்ளயே கெடக்கட்டும். ஊரே சிரிச்சாலும் நான் இந்தத் தண்டோடதான் ஏறுவேன்."

அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். யாரிடமும் கேட்காமல் அவள் நினைத்த இடத்துக்குப் போக இருந்தது அந்த வண்டி ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் நல்ல சாரல். நல்லதம்பி நாலு ஆப்பத்தை ஒரு கை பார்த்துவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவன்போல் சலவை வேஷ்டியில் முன்சீட்டில் ஏறினான். அன்னபாக்கியம் பின்னால்.

ஏற்றத்தின் அடிவாரத்தில் பஸ் வந்தது. ஜன்னலில் அதே ஆள், அதே துண்டு. "டீச்சர், இன்னைக்குக் கயிறு கொண்டாந்திருக்கேன்!"

"பாத்துப் போ தங்கச்சி," என்றான் அண்ணன். "எஞ்சின் பாவம்."

"எஞ்சினைப் பத்தி நீங்க ஒண்ணும் கவலைப்பட வேண்டாம்!"

கோபத்தில் ஓங்கி மிதித்தாள். கால் முதல்முறையாகத் தரைவரைக்கும் போனது. அடேயப்பா! இருமிய எஞ்சின் ஒரு நொடி மூச்சைப் பிடித்து, பிறகு அலறியது. நல்லதம்பியின் முதுகு சீட்டோடு ஒட்டியது. மூன்றாம் கியர். பஸ்ஸின் பின்சக்கரம், முன்சக்கரம், டிரைவரின் திறந்த வாய் எல்லாம் வரிசையாகப் பின்னால் போயின. துண்டுக்காரனைப் பார்த்து ஜெபமலர் கையை ஆட்டினாள்.

ஐந்தருவியில் வண்டியை நிறுத்தியபோது பஸ் ரெண்டு வளைவு கீழே முனகிக்கொண்டிருந்தது.

"பாத்தியளா அண்ணே! கேமு! ஸ்பிரிங்கு! எம் பேருக்கு எப்ப மாத்துதிய?"

நல்லதம்பி அவசரமாகக் கதவைத் திறந்தான். முகம் வெளிறி இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சலவை வேஷ்டியோடு சேற்றில் முழங்காலை ஊன்றி, ரப்பர் பாயைத் தூக்கிக் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தான். தங்கச்சிக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்னபாக்கியம் சேலையை உதறிக்கொண்டு இறங்கினாள்.

"என்ன தேடுதிய? வண்டி வாங்குன அன்னைக்கே ஆக்ஸிலேட்டருக்கு அடியில நீங்க சொருகி வச்ச கட்டையையா? அதை எரிச்சுத்தான காலையில ஒங்களுக்கு ஆப்பம் சுட்டேன்!"