டிராகன் மகளின் கலியாணம்

உலகத்தில் மீனுக்குப் போடும் ஐஸ் விற்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஐஸ் வாங்க வந்தவரிடம் பூதத்தின் குரலில் பேசி, அவர் பயந்து ஓடிய பிறகு கூப்பிட்டு வியாபாரம் செய்தவர் எங்கள் நுரைச்சோலை ஐஸ் நானா, அதாவது ஐஸ் அண்ணன், ஒருவர்தான்.

யுத்தம் முடிந்த கையோடு கட்டாரிலிருந்து வந்து இறங்கினார். மற்றவர்கள் கம்பளியும் அத்தரும் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு தடித்த புத்தகமும் இருபது முகமுள்ள தாயக்கட்டைகளும். அங்கே கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் பழக்கிவிட்ட விளையாட்டாம். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ புகுந்து, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை தீர்க்கும்.

"இந்த மனுசன் வெயில்ல காஞ்சி ஒழச்சது இந்த பிளாஸ்டிக் கட்டயத்தான்" என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஐஸ் கடையின் பின்பக்கம் மரத்தூள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து விளையாடினோம். உரக்கடையில் கணக்கெழுதிய நான், மீன் பிடிக்கப் போட்டில் போகும் ராசிக், இன்னும் இரண்டு பேர். நானாவின் கதையில் கோட்டைகளெல்லாம் எலுவன்குளத்துக்கு அப்பால் காட்டுக்குள் இருந்தன. சூனியக்காரி மதுரங்குளிச் சந்தியில் பஸ் மாறுவாள்.

கொழும்பில் இந்த விளையாட்டுக்காரர்கள் வருடாவருடம் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். மேசைக்கு ஒரு குழு; போட்டியில் வெல்கிற மேசையின் ஊரில் அடுத்த கூட்டம். அதற்காக நானா உயிரை விட்டுக்கொண்டிருந்தார்.

"நம்மட ஊருக்கு மீன் எடுக்க வாறாங்க, பவர் பிளாண்ட்டுக்கு வேலைக்கு வாறாங்க. விளையாட ஒருத்தன் வந்திரிக்கானா? ஒரு தரமாவது வரோணும் தம்பி" என்பார் என்னிடம்.

போனோம். மண்டபம் முழுக்க அட்டை வாளும் கூம்புத் தொப்பியுமாகப் பிள்ளைகள். நடுவர், கூர்க்காது ஒட்டிய ஒரு கொழும்புத் தமிழ்ப் பிள்ளை. கதை சொல்ல ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர், எங்களுக்கு நானா. தன் டிராகனைக் கொன்று முதலில் புதையலை எடுக்கும் மேசைக்கு வெற்றி. எல்லாரையும் முந்திக்கொண்டு நாங்கள் குகை வாசலுக்கு வந்துவிட்டோம். ராசிக் வாளை உருவினான். ஆனால் அடுத்தவர் வாசலை மிதித்தால் அவன் வாய் சும்மா இருக்குமா?

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

"வஅலைக்குமுஸ்ஸலாம்!" என்று டிராகனின் கட்டைக் குரலில் நானா சட்டென்று பதில் சொல்லிவிட்டார்.

ராசிக் வாளை உறையில் போட்டான். "ஸலாத்துக்குப் பதில் செல்லிட்டாரு, சமாதானமாப் போச்சு. இனி எப்பிடி நானா வெட்டுற?"

"டேய், டிராகன் செல்லல்லடா! நான்தான் வாய்தவறிச் செல்லிட்டேன்!"

"டிராகன்ட குரல்லதானே செல்லினீங்க?"

நானாவுக்கு வேறு வழியில்லை. வாசலுக்கு வந்த விருந்தாளிகளை டிராகன் உள்ளே கூப்பிட்டது. எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடும் பெரிய சகன் தட்டில் சோறு வைத்தது. எங்களோடு வட்டமாக உட்கார்ந்து, மூக்கிலிருந்து நெருப்பு விழுந்து சோறு கருகாமல் தலையைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டது. பிறகு கண்ணைத் துடைத்தது. மகள் கலியாண வயதில் இருக்கிறாளாம், ஒரு மாப்பிள்ளையும் குகைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லையாம். புதையல் அவளுக்காகச் சேர்த்ததாம். ராசிக் உடனே மாப்பிள்ளை பேசத் தொடங்கிவிட்டான்.

தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, மற்ற மேசைகள் காலியாகி எங்களைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்து சிரித்தது. அந்தக் களேபரத்திலும் யாரோ கடமையாகத் தங்கள் டிராகனைக் கொன்றுவிட்டார்கள்.

"சொறி அங்கிள். புதையல் எடுத்தவங்கதான் வின்னர்" என்றாள் கூர்க்காதுப் பிள்ளை.

நானா தாயக்கட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "அங்கிள், டிராகன்ட மகளுக்குக் கலியாணம் எங்க?"

நானா நிமிர்ந்தார். "எங்க? நுரைச்சோலயிலதான்!"

"அப்ப நாங்க எல்லாரும் வாறோம்."

நான் நம்பவில்லை. கொழும்பு ஆட்களின் வாக்கு எனக்குத் தெரியும். ஆனால் நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு சனிக்கிழமை, எங்கள் சந்தியில் ஒரு பஸ் வந்து நின்றது. அட்டை வாள்கள் இறங்கின, தொப்பிகள் இறங்கின, கையில் பரிசுப் பொதியோடு கூர்க்காதும் இறங்கியது. நானாவின் மனைவி காலையிலேயே புரியாணிக்கு அடுப்பு மூட்டியிருந்தார்.

பூதம், சூனியக்காரி, டிராகன் என்று எல்லாருக்கும் குரல் வைத்திருந்த மனிதருக்கு அன்று சொந்தக் குரலே வரவில்லை. சந்தியில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கன்டு செல்லுங்க நானா" என்றேன்.

"ஏலாம இரிக்கிடா தம்பி."

அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஊர் பார்க்கப் பார்க்கக் கட்டிப்பிடித்தேன்.