துரை எனக்குப் பேசிய நாள்

'பேசு' என்ற ஒரு சொல்லை நம்பிக் கோட்டு இரவல் வாங்கியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பெண் பேசுகிறோம், விலை பேசுகிறோம், வேலைக்காகத் தெரிந்தவரை விட்டுப் பேசச் சொல்கிறோம். எல்லாம் நல்ல காரியங்கள். அதனால் அந்தச் சொல்லின் மேல் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, நம் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் பிரிக்பீல்ட்ஸில் ரயில் சரக்கு ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தா. நிரந்தரமாகாவிட்டால் அடுத்த கப்பல் எனக்கு. (தஞ்சாவூரில் என்னை வா என்று சொல்ல ஒரு காக்கை கூடக் கிடையாது.) அந்த வாரம்தான் கிள்ளானுக்குப் போக வேண்டிய ஆடுகளைச் சிரம்பானுக்கு அனுப்பியிருந்தேன். அவை மறுநாளே பத்திரமாகத் திரும்பிவிட்டதால், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

தலைமைக் குமாஸ்தா கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். என் மேசைக்கு வந்து, "தம்பி, நாளைக்குத் துரை உமக்கு நல்லாப் பேசுவார். வெள்ளன வாரும்" என்றார்.

எனக்காகத் துரையே பேசப்போகிறார்! பக்கத்து அறை நண்பனிடம் கோட்டு வாங்கினேன். கடையில் லட்டு வாங்கினேன்.

மறுநாள் துரை மேசையைக் குத்திக் கத்தினார். அவர் இங்கிலீஷில் பாதிதான் எனக்குப் புரியும். அந்தப் பாதியில் ஆடு அடிக்கடி வந்தது. பெரிய மனிதர்கள் சிபாரிசையும் அதட்டித்தான் செய்வார்கள்போல என்று எண்ணி, அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் "தேங்க்யூ சார்" என்றேன். கடைசியில் லட்டை நீட்டினேன். துரை லட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கந்தையா ஓடிவந்தார். "என்ன ஐசே, பேச்சு வாங்க லட்டோட வந்து நிக்கிறீர்?"

"நீங்கதானே சார், துரை எனக்குப் பேசுவாருன்னு சொன்னீங்க?"

"ஓம். பேசுவார் எண்டால் ஏசுவார் எண்டு அர்த்தம். மற்றதை நாங்கள் கதைக்கிறதெண்டுதான் சொல்லுவம்."

கப்பல் கண்ணெதிரே நின்றது. கந்தையா துரை பக்கம் திரும்பி, எங்கள் இரண்டு தமிழின் வம்பையும் இங்கிலீஷில் விளக்கினார். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு லட்டை எடுத்துக் கடித்தார். கந்தையா அதோடு நிறுத்தவில்லை. பையன் நல்ல வேலைக்காரன், வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எங்கள் ஊர் அர்த்தத்தில் எனக்காகப் பேசியவர் அவர்தான்.

அந்த மாதமே நிரந்தரமானேன். இன்றைக்கு என் வீட்டில் வேகும் சோறு அவர் போட்டது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

இப்போதும் என் மனைவி, "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று குரலை உயர்த்தினால் போதும். பிள்ளைகள் உள்ளே ஓடி என் கோட்டை எடுத்துவந்து, "போட்டுக்குங்க லா அப்பா" என்று இந்த ஊர் 'லா'வோடு நீட்டுகிறார்கள். எந்தத் தமிழில் பேசப்போகிறாள் என்று கேட்காமல் மாட்டிக்கொள்கிறேன்.