மேம்பாட்டுக்கு ஏற்ற சொல்

உலகத்தைத் திருத்த வந்த பெரியவர்கள் அனைவரும் முதலில் தேடியது சரியான சொல்லைத்தான். அவர்களில் ஒருவர்கூட, தாழ்ப்பாள் இல்லாத கழிவறைக்குள் ஒரு காலை நீட்டிக் கதவை மிதித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

டைப்பிஸ்ட் மாதக்கணக்கில் அப்படித்தான் உட்கார்ந்தாள். வெளியே கணக்குப் பிரிவு அக்கா காவல். அக்கா லீவு போட்டால் இவள் தண்ணீர் குடிப்பதில்லை.

"சார், நாளைக்குப் பெரிய அதிகாரி வராரே. அதுக்குள்ள ஒரு தாழ்ப்பாளாவது…"

"போட்டுட்டா போச்சு" என்றார் மேனேஜர். "ஆனா செஞ்சதைச் சொல்ல வாசல்ல ஒரு போர்டு வேணாமா? கழிவறை வசதி என்ன ஆச்சுன்னு நல்ல இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொல்லும்மா."

"இம்ப்ரூவ்டுன்னு போடுங்க சார்."

வரவழைத்திருந்த பெயிண்டர் ஒரு பழைய பலகையில் எழுதி முடித்தார். மேனேஜர் முகம் சுருங்கியது.

"இத்தனை நாளா மட்டமா இருந்துச்சுன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி இல்ல?"

"அப்ப என்ஹான்ஸ்டு."

பெயிண்டர் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினார்.

"ஏற்கெனவே நல்லா இருந்ததுக்கு எதுக்குய்யா செலவுன்னு கேப்பாரே?"

"அப்கிரேடட்?"

"மாடி ஆபீஸ்காரன் அதைத்தான் லிஃப்ட்ல ஒட்டியிருக்கான். அவன் எச்சிலை நாம தொடணுமா?"

அன்று அக்கா லீவு. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தவளுக்கு இங்கிலீஷ் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. யாருக்கும் புரியாததைச் சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"அமீலியரேட்டட், சார்."

மேனேஜர் சொல்லிப் பார்த்தார். வாய் நிறைந்தது.

"அடேயப்பா, என்ன கனம்! அர்த்தம்?"

"மேம்படுத்தினதுன்னுதான் சார்."

"அர்த்தம் கிடக்கட்டும். பெரிய எழுத்தா போடுய்யா!"

"தாழ்ப்பாள், சார்?"

"போர்டு மாட்டின கையோட."

வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் வாசலின் குறுக்கே போர்டு பளபளத்தது. பெரிய அதிகாரி அண்ணாந்து பார்த்து, புரிந்தவர் போலத் தலையாட்டிக் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் டைப்பிஸ்ட் அக்காவை இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

கழிவறையில் நிலைச்சட்டம் மட்டும் நின்றது.

"ஐயோ, கதவு எங்கய்யா?"

குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த பெயிண்டர் நிமிரவில்லை.

"நீங்க சொன்ன வார்த்தை பழைய பலகையில அடங்கல மேடம். மேனேஜர்தான் கதவைக் கழட்டி எழுதச் சொன்னார்."