உபயம்: அல்பேட் குடும்பம், பலெர்மோ

உபயகாரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் வாசித்திருப்பீர்கள். கோயில் மின்விசிறி, மாதாகோயிலில் உட்காரும் வாங்கு, மண்டபத்துச் சுவர்க்கடிகாரம், வெளிச்சம் வெளியே வரமுடியாதபடி பெயிண்ட் பூசிய ரியூப்லைற் என்று எதை நிமிர்ந்து பார்த்தாலும் அங்கே பெயரோடும் ஊரோடும் தொங்கிக்கொண்டிருப்பாரே, அவர்தான். கஞ்சன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அள்ளித்தான் கொடுப்பார். பெயர் எழுத இடமிருக்கிறதா என்று முதலில் ஒருமுறை தடவிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

இத்தாலியின் பலெர்மோவில் இந்த வகைக்கு நல்ல மாதிரி மன்னார் அல்பேட். பகல் முழுவதும் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பராமரிப்பது அவருடைய வேலை. அந்த அம்மாளுக்கு அவர் சில நாள் அல்பேர்த்தோ, சில நாள் ரொபேர்த்தோ, மருந்து பிந்தினால் வெறும் ‘ஏய்’. அப்படிப்பட்ட மனிதர் தன் பெயரை எங்காவது பெரிய எழுத்தில் பார்க்க ஆசைப்படமாட்டாரா? பாவம்தான்.

பலெர்மோ மாதாகோயில் பங்கிலிருந்து தன்சானியாவில் ஒரு குக்கிராமத்துக்குப் போன சிஸ்ரர் அக்னேசே அங்கே சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்துகிறார். மொத்தப் பள்ளிக்கும் ஒரேயொரு ரீச்சர். சம்பளம் கொடுத்துவந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். உங்கள் தமிழ்ச் சனம் பொறுப்பெடுத்தால் ரீச்சர் நிற்பார், இல்லாவிட்டால் வேறு வேலை தேடி நகரத்துக்குப் போய்விடுவார் என்று சிஸ்ரர் தொலைபேசியில் மன்றாடினார். ஆபிரிக்கப் பிள்ளைகள் உதவிச் சங்கத்தின் தலைவரான அல்பேட் சம்மதிக்க வாயைத் திறந்தவர்தான். உடனே ஒரு யோசனை வந்துவிட்டது. சம்பளத்தில் எங்கே பெயர் எழுதுவது? ரீச்சரின் நெற்றியிலா?

“சம்பளம் குடுத்தால் சாப்பிட்டு முடிஞ்சுபோம் சறோஜா,” என்றார் மனைவியிடம். “நிலைச்சு நிக்கிற சாமானாக் குடுக்கவேணும்.”

“நிலைச்சு நிக்கவேண்டியது சாமானோ, உங்கடை பேரோ?”

“உமக்கு விளங்காது. கரும்பலகை இல்லாமல் ரீச்சர் எதிலை எழுதுவா?”

ஆகவே கரும்பலகை செய்யப்பட்டது. பக்கத்துச் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் பழம் பிடுங்கும் ஆனந்தராசா ஊரில் பெயர்ப்பலகை எழுதியவர். பிடித்திழுத்து வந்தார்கள். “எத்தினை தரம் துடைச்சாலும் அழியாத பெயிண்டாப் போடும் ஐசே,” என்றார் அல்பேட். ‘உபயம்’ என்று தலையணை அகலத்தில் ஒரு சொல், அதற்குக் கீழே குடும்பத்தார் விபரம், அதற்கும் கீழே ஊர். மிச்சமிருந்த இடத்தில் ஒரு கெட்டிக்கார ரீச்சர் நெருக்கி எழுதினால் இரண்டாம் வாய்ப்பாடு எழுதலாம்.

பலகை கப்பலேறிப் போய்ச் சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்த கையோடு, பங்கு மண்டபத்துச் சுவரில் அந்த வகுப்பு நேரலையில் தெரிந்தது. சனம் ரோல்ஸும் கையுமாக நின்றது. அன்றைக்கென்றே வந்திருந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டு சிலேட்டுகளைத் தூக்கிப் பிடித்தார்கள். எல்லாச் சிலேட்டிலும் ஒரே சொல். உபயம். பலெர்மோவில் பிறந்த நமது பிள்ளைகள் நாக்கைக் கடித்தும் எழுதமுடியாத ‘உ’வை அந்தப் பிள்ளைகள் என்ன வடிவாகச் சுழித்திருந்தார்கள்! மண்டபம் கைதட்டி ஓயவில்லை. அல்பேட் ஒலிவாங்கியை எட்டிப் பிடித்தார். “பாருங்கோ, ஆபிரிக்காவிலை தமிழ்!” என்றார். அழுதேவிட்டார்.

சறோஜா கைதட்டவில்லை. திரைக்குக் கிட்டப் போய் இத்தாலியனில் ஒரேயொரு கேள்வி கேட்டாள்: ரீச்சர் எங்கே?

ரீச்சர் நத்தார்ப் பண்டிகையோடு போய்விட்டாராம். பிள்ளைகள் வராமல் விடவில்லையாம். காலையில் வந்து வரிசையாக உட்கார்ந்து, பலகையில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதுகிறார்களாம். அதில் பெரிதாகத் தெரிவது அந்த ஒரு சொல்தானே என்றார் சிஸ்ரர்.

அல்பேட் அந்தச் சிலேட்டுகளை இன்னொரு தரம் பார்த்தார். ஒரு குட்டிப் பெண் தன்னுடையது தெரியவில்லையோ என்று எக்கி எக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு உண்மையாகவே வெட்கமாகப் போய்விட்டது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் சறோஜா. “ரீச்சரைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லுவம். சம்பளம் எங்கடை வீட்டாலை. பேரொண்டும் வேண்டாம்.”

“ஓம். பேரே வேண்டாம்,” என்றார் அல்பேட். மனதாரத்தான் சொன்னார். சிஸ்ரர் திரையில் சிலுவை போட்டுக்கொண்டார். ரீச்சர் கட்டாயம் வருவார் என்றார்.

பிறகு அல்பேட் மெல்ல நகர்ந்து செயலாளர் இராஜதுரையின் காதில் ஏதோ குசுகுசுத்தார். இராஜதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு ஒலிவாங்கியில் அறிவித்தார்:

“ரீச்சரின் சம்பளத்தை மனமுவந்து பொறுப்பேற்றிருப்பவர், தமது பெயரைக் குறிப்பிட விரும்பாத திரு. அல்பேட் அவர்கள்!”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். கடைசியாக நீங்கள் ஒருவருக்கு உதவி செய்தபோது, ‘இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ’ என்று எத்தனை பேரைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள்?