வலது விளக்குக்கு மேலே

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குச் சுபாஸ்கரன் தன் பிக்கப்பின் பொனற்றில் ஒரு கறுப்புப் புள்ளியைக் கண்டான்.

வலது விளக்குக்கு மேலே இருந்தது. சுண்டுவிரல் நகமளவு. விரலால் தொட்டான். பிசுபிசுத்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தான். போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அது திரும்பவும் இருந்தது. அதே இடம். அதே அளவு.

சுபாஸ்கரன் நல்லூரில் இரசாயனவியல் ரியூசன் நடத்துகிறவன். ஒன்று ஒரே இடத்தில் இரண்டு தரம் தோன்றினால் அதற்கு உள்ளே ஒரு காரணம் இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன். மதிலுக்கு அந்தப் பக்கம் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்ற அடைக்கலநாதனைக் கூப்பிட்டான். அவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். இணுவிலில் எந்த வாகனம் நின்றுபோனாலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

"அண்ணை, உதை ஒருக்காப் பாருங்கோ."

அடைக்கலநாதன் வந்து, பிரஷை வாயிலிருந்து எடுக்காமலே குனிந்தார்.

"கறள்."

"இரும்பிலை பிடிக்கிற கறள் செம்மஞ்சளா எல்லே இருக்கும்?"

"அது வெளிக்கறள், மாஸ்டர். உது உள்ளுக்கை இருந்து வாறது. பழங்கறள். கறுப்பாத்தான் வரும்."

சுபாஸ்கரன் வீட்டுப் பக்கம் பார்த்தான்.

"மெல்லமாக் கதையுங்கோ."

காரணம் இருந்தது. புத்தூரில் ஒரு வெங்காய வியாபாரியிடம் பிக்கப்பை வாங்கிக்கொண்டு வந்த அன்று, மனைவி உதயகலா கைக்குழந்தையோடு படலையில் நின்று அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ரியூசன் மாஸ்டருக்கு ஏன் பிக்கப்?"

"வகுப்புக்கு வாங்கு, மேசை ஏத்தலாம்."

"ஒருக்கா ஏத்தினால் சரி. பிறகு?"

மோட்டார்சைக்கிளில் பல வருடம் மழையில் நனைந்தவன் அவன். இந்த ஆசனத்தில் ஏறி இருந்தால் மதில்களுக்கு மேலால் ஊர் தெரிந்தது. அதை எப்படிச் சொல்வது?

"உள்ளெல்லாம் கறளாத்தான் இருக்கும்," என்றாள் உதயகலா.

"ஒரு பொட்டுக் கறளும் இல்லை."

"அப்ப அண்ணை வந்து பாக்கட்டும். கறள் எண்டு அவர் சொன்னால் உது திரும்பப் புத்தூருக்குப் போகவேணும்."

அவளுடைய அண்ணன் ஜெயரூபன் கிளிநொச்சியில் கராஜ் வைத்திருந்தார். குழந்தைக்கு முதற்பல் முளைத்திருந்தது. வெள்ளிக்கிழமை பல்லுக்கொழுக்கட்டை. அதற்கு அவர் வருவார். சுபாஸ்கரன் சம்மதித்தான். அப்போது புள்ளி இருக்கவில்லை.

வாங்கியதுதான் வாங்கியாயிற்று என்று அவள் ஞாயிற்றுக்கிழமை முன் பம்பரில் தேசிக்காயும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டினாள். பெடியள் சிரிப்பாங்கள் என்று அவன் கழற்றிவிட்டான். இரண்டும் அன்றைய சம்பலில் முடிந்தன.

செவ்வாய் பின்னேரம் அவன் சாண்ட் பேப்பரால் உரஞ்சத் தொடங்கினான். கறள் வெளிப்படவில்லை. இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்று நினைத்து இன்னும் உரஞ்சினான். நகமளவு இருந்த இடம் தோசையளவு ஆயிற்று. வெள்ளை ஸ்பிரே ஒரு ரின் வாங்கி அடித்தான்.

உலகத்தில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிக்கப்பின் வெள்ளை பழைய வேட்டியின் வெள்ளை. ரின்னின் வெள்ளை ஆஸ்பத்திரிச் சுவரின் வெள்ளை.

உதயகலா வந்து பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"மொடிபிகேசன்."

"அப்பிடியெண்டால்?"

"வடிவாக்கிறன்."

அவள் தலையைச் சரித்துப் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு," என்றாள்.

சுபாஸ்கரன் கலியாணம் செய்து ஒன்பது வருடம். அவன் அந்தச் சொல்லை நம்பவில்லை.

புதன்கிழமை காலை புள்ளி புதுப் பெயின்றுக்கு மேலே இருந்தது.

அன்றைய வகுப்பில் பாடம் அமிலமும் காரமும். அவன் இரும்பு துருப்பிடித்தலைப் படிப்பித்தான். முன்வாங்கில் இருந்த பிரசாந்தி கையை உயர்த்தினாள்.

"சேர், பெயின்ற் அடிச்சால் கறள் வராதெல்லே?"

"வராது," என்றான். சற்று யோசித்துவிட்டு, "சோதினையிலை வராது எண்டு எழுதுங்கோ," என்றான்.

திரும்பும் வழியில் ஸ்ரிக்கர் கடைக்குள் ஏறினான். புள்ளியை மூடிவிட்டால் முடிந்தது. கடைக்காரர் கழுகு காட்டினார், தீச்சுவாலை காட்டினார், பாயும் குதிரை காட்டினார். புள்ளியின் இடத்துக்குக் குதிரையின் முகம் அளவாக இருந்தது. ஒட்டினான். ஒரு பக்கம் மட்டும் குதிரை நின்றால் வாகனம் சரிந்தது போலத் தெரிந்தது. திரும்பிப் போய் இன்னொன்று வாங்கி இடது பக்கமும் ஒட்டினான். ஒட்டிய பிறகுதான் கண்டான், இரண்டும் ஒரே திசையில் பாய்ந்தன. இடது குதிரை வலது குதிரையின் வாலைக் கடிக்கத் துரத்திக்கொண்டிருந்தது.

"வடிவாத்தான் இருக்கு," என்றாள் உதயகலா.

வியாழக்கிழமை காலை புள்ளி குதிரையின் கன்னத்தில் இருந்தது.

சுபாஸ்கரன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டான். அடைக்கலநாதன் மதிலால் எட்டிப் பார்த்தார்.

"ஸ்ரிக்கரையும் துளைச்சுக்கொண்டு வந்திட்டுதோ?"

"ஓம் அண்ணை."

"பொல்லாத கறள்," என்றார் அவர் மரியாதையோடு.

குதிரைகளை உரித்தான். அவை போகும்போது பழைய பெயின்றையும் கொண்டு போயின. பொனற்றில் இப்போது இரண்டு குதிரை வடிவத்தில் தகரம் தெரிந்தது. நாளைக்கு ஜெயரூபன் வருவார்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கறுப்பில் கறுப்புத் தெரியாது. படலைக்கு அடித்த கறுப்புப் பெயின்ற் அரை ரின் மிச்சம் இருந்தது. இந்த யோசனை திங்கட்கிழமையே வந்திருந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்.

வகுப்பை ரத்துச் செய்துவிட்டு, தூரிகையால் பொனற் முழுவதும் அடித்தான். தலைக்கு மட்டும் மை பூசிய வயோதிபரைப் போல பிக்கப் நின்றது. ஒத்துப்போகட்டும் என்று பம்பரை அடித்தான். பம்பருக்கு ஒத்துப்போகட்டும் என்று கண்ணாடிகளின் முதுகை அடித்தான். பிறகு கதவுப்பிடிகள். வேம்பு பூத்திருந்த காலம். பூவெல்லாம் ஈரப் பெயின்றில் விழுந்து ஒட்டிக்கொண்டது.

"ஆர் மாஸ்டர் செத்தது?" என்று கேட்டார் அடைக்கலநாதன்.

உதயகலா குழந்தையைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, பொட்டு வைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். இந்த முறை நெடுநேரம் பார்த்தாள். முகத்தில் ஏதோ கவலை போலத் தெரிந்தது.

"கறுப்போ?" என்றாள்.

"ஏன், வடிவில்லையோ?"

"வடிவாத்தான் இருக்கு," என்றாள். யோசித்துக்கொண்டே உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை அவன் எழும்பியபோது அவள் வழமைபோல முற்றம் கூட்டி முடித்துக் குசினியில் நின்றாள். கொழுக்கட்டைக்கு மா அவிந்துகொண்டிருந்தது. அவன் சாரத்தைச் செருகிக்கொண்டு வெளியே ஓடினான்.

வலது விளக்குக்கு மேலே புள்ளி இருந்தது. வெள்ளையாக.

இரசாயனவியலில் இதற்கு இடமில்லை. துணி எடுக்கத் திரும்பினான். படலையில் ஹோர்ன் கேட்டது. ஜெயரூபன் வந்துவிட்டார்.

அவர் தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. நேரே ஒரு சாக்கை விரித்துப் பிக்கப்புக்குக் கீழே புகுந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக முற்றத்துக்கு வந்தார்கள். அடைக்கலநாதன் கதிரையோடு வந்தார். சுபாஸ்கரன் பிக்கப்பின் ஆசனத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

ஜெயரூபன் வெளியே வந்து கையிலிருந்த தூசியைத் தட்டினார்.

"மச்சான், ஒரு இடமும் கறள் இல்லை. வெங்காயக்காரன் பிள்ளையைப் போலத்தான் வைச்சிருந்திருக்கிறான்."

சுபாஸ்கரனுக்கு மூச்சு வந்தது.

"ஆனால் முன்பக்கத்துக்கு என்ன நடந்தது? எங்கையும் அடிபட்டதோ?"

"இல்லை அத்தான். மொடிபிகேசன்."

"ஆர் செய்தது?"

"நான்தான்."

ஜெயரூபன் ஒரு வேப்பம்பூவைப் பெயின்றிலிருந்து கிள்ளி எடுத்தார். பிறகு விரல் வலது விளக்குக்கு மேலே நின்றது.

"அப்ப உதென்ன?"

முற்றம் முழுவதும் குனிந்து பார்த்தது. இனி மறைக்க முடியாது.

"தெரியாது அத்தான்," என்றான் சுபாஸ்கரன். "திங்கட்கிழமை தொடக்கம் ஒவ்வொரு நாளும் விடிய உதிலை வருது. கறள் எண்டு உரஞ்சினன், பெயின்ற் அடிச்சன், குதிரை ஒட்டினன். நேற்று வரைக்கும் கறுப்பா வந்தது. இண்டைக்கு வெள்ளையா வந்திருக்கு."

உதயகலா கொழுக்கட்டைத் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். தட்டை அண்ணனிடம் கொடுத்தாள். இடுப்பில் இருந்த குழந்தையின் கன்னத்தில் கலைந்திருந்த கறுப்புப் பொட்டை விரலால் சரிசெய்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"ஆசையா வாங்கினியள், தேசிக்காயையும் கழட்டிப் போட்டியள், ஊர்க்கண் படப்போகுது எண்டு பிள்ளைக்கு வைக்கிற மையிலை உதுக்கும் ஒண்டு வைச்சனான். கறுப்படிச்சாப்பிறகு சுண்ணாம்புக்கு எங்கையெல்லாம் அலைஞ்சனான் தெரியுமே. அடுத்ததா என்ன நிறம் அடிக்கப்போறியள் எண்டு முதலே சொன்னால் என்னப்பா?"