நிற்காத புள்ளி

திரையில் இருந்த ஒளிப்புள்ளி மறுபடியும் துள்ளியது.

"யாரோ மேசையை ஆட்டுறாங்க," என்றாள் அவள்.

"இங்க நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்," என்றாள் தோழி. ஆய்வுக்கூடத்தில் தோழிக்குக் கணக்குப்புலி என்று பெயர்.

ஒளி லேசில் அடங்குகிற ஜாதி இல்லை. சாதாரண லென்ஸை வைத்து எவ்வளவு மல்லுக்கட்டினாலும் தன் அலைநீளத்தில் பாதிக்குக் கீழே ஒடுங்காது. ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒரு கண்ணாடித் துகளை அளந்து செய்து வழியில் வைத்தால், அதன் முதுகை ஒட்டி இன்னும் சின்னப் புள்ளியாகக் குவியும். கணக்குப்புலி அளவு சொல்ல, அவள் துகளைச் செய்திருந்தாள். புள்ளி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் படம் எடுத்துவிடலாம்.

செல்போன் அடித்தது. கணவன்.

"சாயங்காலம் ஸ்கேன். ஞாபகம் இருக்குல்ல?"

"புள்ளி நின்னதும் வரேன்."

"போன தடவையும் இதைத்தான் சொன்ன."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஐந்து மாதம் முடிந்துவிட்டது. வயிற்றில் அசைவு தெரிகிறதா என்று அம்மா, மாமியார், டாக்டர் எல்லோரும் கேட்டாயிற்று. சிலருக்கு லேட்டாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். அவள் பயந்தாள். ஸ்கேனில் என்ன சொல்லப்போகிறார்களோ என்ற பயத்தில்தான் இந்தப் புள்ளியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

"ஏசிதான் ஆட்டுது," என்று எழுந்து போய் அதை நிறுத்தினாள். புள்ளி சமர்த்தாக நின்றது. சந்தோஷமாகத் திரும்பி வந்து, மேசை விளிம்பில் சாய்ந்து கேமரா பட்டனுக்குக் கையை நீட்டினாள். ஒரு துள்ளல்.

அறை புழுங்கியது. அவளுக்கு வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, கணக்குப்புலி ஜில்லென்று ஆரஞ்சு ஜூஸ் வாங்கி வந்தாள். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி மேசையில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் புள்ளி ஒன்றுக்கு இரண்டாகத் துள்ள ஆரம்பித்தது.

"லிஃப்ட்டுதான்டி. அது ஏறி இறங்கும்போது கட்டடமே ஆடுது," என்றாள் அவள்.

"மேசைக்குக் கீழ காத்து அடைச்ச கால் இருக்கு, தரை ஆடினாலும் மேசை ஆடாதுன்னு நீதானே சொன்ன?"

"நான் ஆயிரம் சொல்வேன். நீ காவலாளிக்கு போன் போடு."

லிஃப்ட் நின்றது. புள்ளி நிற்கவில்லை. படியேறி வந்து சேர்ந்தவர் பேராசிரியர். நாலு மாடி, அதுவும் முழங்கால் வலியோடு. கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"லிஃப்ட்டை நிறுத்தச் சொன்ன புண்ணியவதி யாரு?"

கணக்குப்புலி கூரையைப் பார்த்தாள். அவள் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள்.

"சார், புள்ளி நிக்கவே மாட்டேங்குது."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். புள்ளி ஆணி அடித்தாற்போல் நின்றது.

"நல்லாத்தானே நிக்குது. அழகாவும் இருக்கு," என்றார். அவர் எதையும் அழகு என்று சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

"இல்ல சார், நீங்களே பாருங்க." அவசரமாக வந்து மேசையில் சாய்ந்தாள். புள்ளி துள்ளியது. அவள் குரல் உடைந்துவிட்டது. "எல்லாத்தையும் நிறுத்திப் பார்த்துட்டேன் சார். நிக்க வேண்டியது நிக்கல. அசைய வேண்டியது அசையல."

"எது அசையல?"

"ஒண்ணுமில்ல சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

நின்றாள். புள்ளியும் நின்றது.

"இப்ப முன்ன மாதிரியே சாயி."

சாய்ந்தாள். சற்றுப் பொறுத்து ஒரு துள்ளல். உடனே இன்னொன்று. அவர் திரையை விட்டுவிட்டு மேசை விளிம்பையே பார்த்தார். எப்போதும் சிடுசிடுக்கும் அந்த முகம் மெல்ல மலர்ந்தது.

"லிஃப்ட்டைப் போடச் சொல்லும்மா. மேசையை உதைக்கிறது உன் பிள்ளைதான்."